குடியை நிறுத்தவும் ஒரு குழு இருக்கிறது



நமது குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கடன் வாங்கிய காரணம் என்ற இடத்தில் 'மருத்துவச் செலவு' என்று பல தடவை எழுதியிருப்போம். நிறைய உண்மைதான். ஆனால் சிலது உண்மையில்லை என்று எழுதிய நமக்கும் தெரியும், கையெழுத்துப் போட்ட நமக்கும் தெரியும். அந்தப் பணம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வீட்டுக்காரர் குடித்து வைத்த கடனை அடைக்கப் போனது.

நமது கூட்டமைப்பில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஏழு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் சேமிப்புக் கட்டியவர். முதலில் 5,000 ரூபாய் வாங்கினார், பிறகு 8,000, அதன் பிறகு 10,000. மூன்றுக்கும் காரணம் மருத்துவச் செலவு என்றே எழுதினோம். நான்கு மாதம் தவணை வரவில்லை. "இவளுக்கு இனிமே கடன் கொடுத்தா நம்ம தலையிலதான் விடியும், பேரை எடுத்துருவோம்" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அவர் எழுந்து நின்று சொன்னார்: "நான் பொய் சொன்னது நிசந்தான்க்கா. வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

யாரும் பதில் பேசவில்லை. அவரை நீக்கினால் குழுவின் நிலுவை குறையலாம், அவர் வீட்டில் எதுவும் மாறாது. நீக்காமல் இன்னொரு கடன் கொடுத்தாலும் எதுவும் மாறாது. இரண்டுமே வழியில்லை என்றால் வேறு என்ன வழி என்று தேடினோம். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா ஒரு வழி காட்டினார். "குடிக்கிறவங்களுக்குன்னே ஒரு கூட்டம் நடக்குது. உங்க குழு மாதிரிதான், வாரா வாரம் உக்காந்து பேசுவாங்க. போய்ப் பாருங்க" என்றார். நாங்கள் பிரதிநிதிகள் இரண்டு பேரும் அந்தச் சகோதரியுடன் போனோம். அங்கே கற்றுக்கொண்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறோம்.

இது குணமா, நோயா?

குடிக்கிற எல்லோரும் குடிநோயாளி இல்லை. ஆனால் சிலருக்குக் குடி ஒரு கட்டத்தில் நோயாகவே மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இதை நோய்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

- முன்பு ஒரு குவார்ட்டரில் நின்றவருக்கு இப்போது அது போதாமல் அளவு கூடிக்கொண்டே போகும்.
- குடிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.
- காலையில் எழுந்ததும் கை நடுங்கும், குடித்தால்தான் நடுக்கம் நிற்கும்.
- வேலை, மரியாதை, உடம்பு எல்லாம் போவது தெரிந்தும் விட முடியாது.
- பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். செய்யும்போது உண்மையாகவே செய்வார். சாயங்காலம் காப்பாற்ற முடியாது.

நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருப்பவர்கள் உண்டு. மலைக்குப் போய் மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. "நெனச்சா விட முடியும்னு காட்டிட்டாரே, அப்புறம் ஏன் குடிக்கிறாரு?" என்று கேட்கிறோம். குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தியபடியே இருப்பது இன்னொரு வேலை. மாலை போட்ட நாளில் கூட ஆட்கள் இருக்கிறார்கள், பஜனை இருக்கிறது, ஊர் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. கழற்றிய பிறகு அவர் தனி ஆள். அந்தத் தனிமைக்குத்தான் இந்தக் கூட்டம் மருந்து.

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம்

இதைக் கவனமாகப் படியுங்கள். பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர், திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாமல் போகும், இல்லாத பூச்சி ஊர்வது போலத் தெரியும், யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும். "பேய் பிடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே காலையில் கை நடுங்குகிற ஆள் என்றால், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிற முறையில் நிறுத்துவதுதான் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "மனநலப் பிரிவா? எங்க வீட்டுக்காரருக்கு என்ன பைத்தியமா?" என்று பின்வாங்க வேண்டாம். குடிநோய்க்கு வைத்தியம் பார்ப்பதும் அந்தப் பிரிவுதான். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நோயாளி சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டியது அது. தெரியாமல் சாப்பிட்டவர் அதன் மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். பாசத்தில் செய்வது கொலையாக முடிய வேண்டாம்.

இந்தக் கூட்டம் எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் இதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக 'ஏ.ஏ.' என்பார்கள். பெயர் வெளியே சொல்லாத குடிநோயாளிகள் என்று அர்த்தம்.

1935-ம் வருடம் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்குத்தரகர், குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். காரியம் கெட்டுப்போனது. மனசு உடைந்து ஓட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே மதுக்கடை. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது: 'என்னைப் போலவே குடியால் கஷ்டப்படுகிற ஒருவரிடம் பேசினால் நான் இன்று குடிக்காமல் தப்பித்துவிடுவேன்.' பலருக்கும் போன் செய்து தேடியதில் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர், அவரும் குடிநோயாளி. இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்றும், அதுவே ஏ.ஏ. பிறந்த நாள் என்றும் சொல்கிறார்கள். இன்று சுமார் 180 நாடுகளில் கூட்டம் நடக்கிறது. இந்தியாவில் 1957-ல் டெல்லியில் ஆரம்பமானது.

ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும் ஆரம்பித்தது நம் ஊர் கொத்தனாருக்கு எப்படிப் பொருந்தும் என்று நாங்களும் யோசித்தோம். ஆனால் அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். பேங்க் மேனேஜர் சொல்லி நாம் சேமிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சேமித்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். அதே போல 'குடிக்காதே' என்று டாக்டரும் மனைவியும் ஆயிரம் முறை சொல்லி ஏறாதது, குடித்து அழிந்து மீண்ட ஒருவர் 'நானும் இப்படித்தான் இருந்தேன்' என்று சொல்லும்போது ஏறுகிறது.

பலன் உண்டா என்று ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2020-ல் வந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ. கூட்டத்தோடு இணைக்கிற சிகிச்சை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, பல இடங்களில் அதைவிட மேல் என்று அது சொல்கிறது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

நாங்கள் போனது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சாயங்காலம் ஆறரை மணி. பெஞ்சுகளை ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கலாம். லோடு தூக்குபவர், உத்தியோகம் பார்ப்பவர், காலேஜ் பையன் மாதிரி ஒருவர், ஒரு பெண்ணும் இருந்தார். குடிப்பது ஆண்கள் மட்டும் என்று நாம் நினைக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு இருந்த தைரியத்தை நாங்கள் மனசுக்குள் வணங்கினோம்.

யார் என்ன பேசினார் என்பதை எழுத மாட்டோம். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவர வேண்டும், அதுதான் முதல் விதி. நடைமுறையை மட்டும் சொல்கிறோம்.

கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்வது மூடிய கூட்டம். குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் வரக்கூடியது திறந்த கூட்டம். நாம் போகலாம் என்றால் திறந்த கூட்டத்துக்குத்தான். முதலிலேயே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

மன அமைதி கேட்டு ஒரு சின்னப் பிரார்த்தனையோடு ஆரம்பிக்கிறார்கள். கடவுள் என்று பேசினாலும் எந்தச் சாமி என்பது அவரவர் விருப்பம். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பிக்கிறார். குடித்தபோது எப்படி இருந்தேன், எப்படி நிறுத்தினேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுகிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை, திட்டுவதில்லை. அவர் முடித்ததும் அடுத்தவர். பேச விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். '12 படிகள்' என்று அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. என்னால் தனியாக முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது முதல் படி. தான் நோகடித்தவர்களின் பட்டியலைப் போட்டு, ஈடு செய்யத் தயாராவதும் அதில் ஒரு படி.

'இனி ஜென்மத்துக்கும் குடிக்க மாட்டேன்' என்று அங்கே யாரும் சத்தியம் செய்வதில்லை. இன்று ஒரு நாள், இந்த 24 மணி நேரம் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். நாளைக்கு நாளையைப் பார்த்துக்கொள்ளலாம். தினம் ஒரு ரூபாய் எடுத்து வைத்து ஆரம்பித்த நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. மொத்தமாகக் கேட்டால் முடியாது, தினம் தினம் என்றால் முடியும். குடிக்காமல் ஒரு வருடம் முடித்தவருக்குப் பல இடங்களில் பிறந்த நாள் போலக் கொண்டாடுகிறார்கள்.

கட்டணம், சந்தா எதுவும் கிடையாது. ஒரு பை சுற்றி வரும். இருக்கிறவர் போடலாம், இல்லாதவர் போட வேண்டாம். டீ, வாடகை, புத்தகச் செலவு எல்லாம் அதில்தான். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. சாதி, மதம், கட்சி எதுவும் கேட்பதில்லை. ஆதார் கார்டும் வேண்டாம், முழுப் பெயர்கூட வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு வார்டிலோ கேளுங்கள். "ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குது?" என்று கேட்டால் போதும். சில ஆஸ்பத்திரிகளில் ஏ.ஏ. உறுப்பினர்களே வந்து நோயாளிகளிடம் பேசுகிறார்கள்.

2. போனில் கேளுங்கள். 14446 என்பது மத்திய அரசின் இலவச போதை மீட்பு உதவி எண். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. மனசு சம்பந்தமான உதவிக்கு 14416. தமிழில் பேசலாம். எங்கள் மாவட்டத்தில் சிகிச்சை எங்கே கிடைக்கும், கூட்டம் எங்கே நடக்கும் என்று இரண்டையும் கேளுங்கள்.

3. படித்த பிள்ளையிடம் போனைக் கொடுத்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தியா' என்று தேடச் சொல்லுங்கள். ஊர் வாரியாகக் கூட்டம் நடக்கும் இடமும் தொடர்பு எண்ணும் கிடைக்கும். பழைய விவரமாக இருக்கலாம், பேசி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

4. குடியை விட்டவர் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருப்பார். எப்படி விட்டார் என்று அவரிடமே கேளுங்கள். இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

போனில் கேட்க வேண்டியவை: என்ன கிழமை, எத்தனை மணி? தமிழில் நடக்கிறதா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வர வேண்டும்? எத்தனை மணிக்கு முடியும்? கடைசிக் கேள்வி முக்கியம். எங்களுக்குக் கூட்டம் எட்டு மணிக்கு முடிந்தது, கடைசி பஸ் எட்டு நாற்பது. தெரியாமல் போயிருந்தால் பஸ் ஸ்டாண்டில்தான் படுத்திருக்க வேண்டும். தூரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பகலில் நடக்கிற கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏ.ஏ. கூட்டம் வேறு, பணம் வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் மறுவாழ்வு மையம் வேறு. மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். 'மூணு மாசத்துக்கு வந்து பாக்கக் கூடாது, நாங்க பாத்துக்கிறோம்' என்று சொல்கிற இடத்தில் ஆளை விடாதீர்கள்.

அவரை எப்படிக் கூட்டிப்போவது?

குடித்திருக்கும்போது பேசுவது வீண், சண்டைதான் மிஞ்சும். மறுநாள் காலை, தலைவலியும் வெட்கமும் இருக்கிற நேரத்தில் பேசுங்கள். "நீ குடிகாரன்" என்று ஆரம்பிக்காமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "நேத்து ராத்திரி நீங்க விழுந்து கெடந்ததைச் சின்னவ பாத்துட்டு அழுதா. ஒரு தடவ மட்டும் இந்தக் கூட்டத்துக்கு வாங்க. புடிக்கலைன்னா அப்புறம் கூப்பிடல." இப்படி ஒரே ஒரு தடவைக்குக் கேட்டால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். முடிந்தால் ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரிடம் போனில் பேச வையுங்கள். பஸ் ஏற்றிவிட மனைவியைவிட மச்சானோ நண்பரோ போனால் பல ஆண்களுக்குக் கூச்சம் குறைகிறது.

வர மறுத்தால் இழுத்துக்கொண்டு போக முடியாது. அப்போது என்ன செய்வது? நீங்கள் போங்கள்.

நமக்கும் ஒரு கூட்டம்

குடிநோயாளியின் குடும்பத்தாருக்கு என்றே 'அல்-அனான்' என்ற கூட்டம் தனியாக இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. வருடக்கணக்கில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். கடைசியில் கணவர் குடியை விட்டார், கூட்டம் கூட்டம் என்று கிளம்பினார். ஒரு நாள் 'சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாச்சு' என்று கணவர் சொல்ல, லோயிஸ் காலில் போடுகிற ஷூவை எடுத்து அவர் மேல் வீசினாராம். அப்போதுதான் அவருக்கே புரிந்தது: குடியை விட்டது அவர், ஆனால் எனக்குள் இருக்கிற கோபமும் பயமும் அப்படியே இருக்கிறதே! கணவர்கள் கூட்டத்தில் பேசும்போது வெளியே காத்திருந்த மனைவிமார்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்ததுதான் இது.

அங்கே சொல்லித் தருவது மூன்று விஷயம். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. அவர் குடியை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. அவர் நோயை உங்களால் குணப்படுத்தவும் முடியாது. உங்கள் நிம்மதியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள மட்டும் முடியும். இதைக் கேட்டதும் எங்களோடு வந்த சகோதரி அழுதுவிட்டார். "நான் சரியில்லாததாலதான் குடிக்கிறாருன்னு மாமியா சொல்லிச் சொல்லி, நானே நம்பிட்டேன்க்கா" என்றார்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 'அலட்டீன்' என்று ஒன்று உண்டு. அல்-அனான் எல்லா ஊரிலும் நடப்பதில்லை. ஏ.ஏ. கூட்டத்தில் கேட்டால் பக்கத்தில் எங்கே என்று சொல்வார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு பெண் இந்தத் துன்பத்திலிருந்து எழுந்து பெரிய காரியம் செய்திருக்கிறார். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்கிற குடிநோய் சிகிச்சை மையம். நோயாளிக்கு மட்டுமில்லாமல் மனைவிக்கும் ஆலோசனை கொடுப்பது அங்கே ஒரு முக்கியமான பகுதி. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குழு என்ன செய்யலாம்?

கூட்டத்துக்குப் போய் வந்த உற்சாகத்தில், 'நம்ம கூட்டமைப்பே ஒரு ஏ.ஏ. கூட்டம் ஆரம்பித்து நடத்தலாம், நிதியில் பணம் ஒதுக்கலாம்' என்று நினைத்தோம். அது முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வெளியாள் பணத்தை அவர்கள் வாங்குவதில்லை, வெளியாள் நடத்தவும் விடுவதில்லை. குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அவர்களே ஒரு குழு ஆரம்பிக்கலாம். நாம் இடம் கொடுத்தால்கூட, சின்ன வாடகையாவது கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். முதலில் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தோம். நம் குழுப் பணத்தில் ஊர்ப் பெரியவர் யாராவது கை வைக்க வந்தால் நாம் விடுவோமா? அதே கொள்கைதான் இதுவும்.

நாம் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன:

- பக்கத்து ஊரில் நடக்கும் கூட்டத்தின் கிழமை, நேரம், போன் எண்ணைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.
- ஏ.ஏ. உறுப்பினரைக் கூப்பிட்டு நம் ஊரில் ஒரு தகவல் கூட்டம் நடத்தச் சொல்லலாம். கூப்பிட்டால் வருகிறார்கள்.
- குடிகாரர் வீட்டு உறுப்பினருக்குக் கடன் கிடையாது என்று கதவை மூட வேண்டாம். பிள்ளை ஃபீஸ் என்றால் பள்ளியிலும், உரம் என்றால் கடையிலும் நேராகக் கட்டலாம்.
- குடிக்கடனை அடைக்கக் குழுப் பணம் கொடுப்பதில்லை என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்யலாம். அடைக்க அடைக்க, அவருக்குக் குடியின் வலி தெரியாமலே போகிறது.
- ஒரு வீட்டு விஷயம் குழுவில் பேசப்பட்டால் அது குழாயடிக்குப் போகக் கூடாது. போனால், அடுத்த சகோதரி வாய் திறக்க மாட்டார்.
- உறுப்பினர் ஒருவரே குடிக்கிறார் என்றால், ஆணுக்குக் காட்டுகிற அதே இரக்கத்தை அவருக்கும் காட்ட வேண்டும். அவருக்கும் வழி அதேதான்.

அடி உதை இருக்கிற வீட்டில் பாதுகாப்புதான் முதலில். கூட்டம் பிறகு. 'குடிநோய்தானே, பொறுத்துக்கோ' என்று யாரும் சொல்லக் கூடாது. நோய்க்குக் கூட்டம் இருக்கிறது, அடிக்குச் சட்டம் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181. 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அந்த வீட்டில் தங்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு.

மறுபடியும் குடித்துவிட்டால்?

குடிப்பார்கள். பலர் ஒரு தடவையாவது வழுக்கி விழுகிறார்கள். 'நான் அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் திருந்தாத ஜென்மம்' என்று ஊர் சொல்லும். கூட்டத்தில் அப்படிச் சொல்வதில்லை. மறுபடி வாங்க என்றுதான் சொல்கிறார்கள். வீட்டிலும் அதையே சொன்னால் போதும். விழுந்த நாளைக் கணக்கு வைப்பதைவிட, எத்தனை சீக்கிரம் திரும்பக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதைப் பாருங்கள்.

நாங்கள் சொன்ன சகோதரி முதலில் மூன்று வாரம் தனியாகத்தான் போனார். வீட்டுக்காரர், "பொம்பளைக்கு அங்க என்ன வேல?" என்று கேட்டுக் கேட்டு, நான்காவது வாரம் என்னதான் நடக்கிறது என்று பார்க்க அவரும் வந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தவர், அக்கா மகன் கல்யாணத்தில் குடித்துவிட்டார். ஒரு வாரம் வீட்டில் நரகம். திரும்பப் போனார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. நாளைக்கு என்ன என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இன்றைக்குக் குடிக்கவில்லை.

அந்தச் சகோதரி பழைய நிலுவையை மாதம் 500 ரூபாயாகக் கட்டி வருகிறார். போன மாதம் மகள் காலேஜ் ஃபீசுக்குக் கடன் கேட்டார். காரணம் என்ற இடத்தில் 'படிப்புச் செலவு' என்று எழுதினோம். எழுதியது உண்மை. பணத்தைக் காலேஜிலேயே கட்டி ரசீதை நோட்டில் ஒட்டினோம்.

வரும் மாதம் ஒவ்வொரு குழுவும் இந்த மூன்றைப் பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்: நம் ஊருக்குப் பக்கத்தில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று யார் விசாரிப்பது? முதல் தடவை போகிற சகோதரியோடு யார் துணைக்குப் போவது? பேசியதை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் உறுதி எடுப்போமா? விசாரித்துத் தெரிந்த விவரத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கிழமை, நேரம், இடம் மட்டும் போதும். யாருக்காகக் கேட்டீர்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.